முழுக் கட்டளையைத் தட்டச் சொல்பவர்களுக்கு

லினக்ஸ் கற்றுத் தருகிறவர்களிடம் ஓர் உபதேசம் ஊறிப்போய்க் கிடக்கிறது. நீண்ட கட்டளைக்குச் சுருக்கப் பெயராக அலியாஸ் வைத்துக்கொள்ளாதே, பல கட்டளைகளைச் சேர்த்து ஃபங்ஷன் எழுதிக்கொள்ளாதே, எதையாவது தேட வேண்டுமானால் கிரெப் கட்டளையை அதன் ஆப்ஷன்களோடு முழுதாகத் தட்டிப் பழகு என்பார்கள். சென்னைப் பயிற்சி வகுப்புகளில் இதைக் கேட்கலாம். இங்கே பாரிஸில் சர்வர் பராமரிப்பு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளும் தங்கள் மூத்தவர்களிடம் இதைத்தான் கேட்டு வருகிறார்கள். காரணங்களும் தயாராக இருக்கும். சுருக்கினால் மூலக் கட்டளை மறந்துபோகும்; வேறொரு கணினிக்கு முன்னால் உட்கார்ந்தால் கை ஓடாது; சுருக்கத்துக்குள் என்ன நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. மொத்தத்தில், சுருக்கம் என்பது சோம்பேறியின் வேலை என்று முடிப்பார்கள்.

இந்தக் கருத்து தவறு. தமிழில் தேடுகிறவருக்கு இது கேடும்கூட. ஆங்கிலத்தில் தேடுகிறவருக்கு வேண்டிய சுருக்கங்களைக் கருவி செய்தவர்களே கருவிக்குள் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். தமிழுக்கு யாரும் வைக்கவில்லை. நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும். கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லில் அதற்கு இருக்கும் இடம் அலியாஸும் ஃபங்ஷனும்தான். அந்த இடத்தையும் மூடிவிட்டால் தமிழ்க் கோப்புகளில் தேடுவது நின்றுபோகும். பல இடங்களில் நின்றுபோய்த்தான் இருக்கிறது.

முதலில் கிரெப்பின் பிறப்பையே பார்க்கலாம். 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் ஈடி என்ற எடிட்டரில்தான் எல்லோரும் வேலை செய்தார்கள். கோப்பு முழுவதும் போய், இந்த வடிவம் உள்ள வரிகளை மட்டும் அச்சிடு என்பதற்கு அந்த எடிட்டருக்குள் ஒரு கட்டளை இருந்தது. லீ மக்மேகன் என்பவருக்கு ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளைத் துருவ வேண்டியிருந்தது. 1787, 1788 ஆண்டுகளில் அமெரிக்காவில் வெளியான அந்த 85 கட்டுரைகளில் எதை யார் எழுதினார் என்பது பழைய வழக்கு. அவ்வளவு எழுத்தையும் ஈடியின் நினைவகத்தில் ஏற்ற முடியவில்லை. கென் தாம்சன் அந்த ஒரு கட்டளையை மட்டும் எடிட்டரிலிருந்து பிரித்தெடுத்துத் தனி நிரலாக்கிக் கொடுத்தார் என்றும், ஒரே இரவில் செய்தார் என்றும் பிரையன் கெர்னிகன் சொல்லியிருக்கிறார். 1973ஆம் ஆண்டின் யூனிக்ஸ் கையேட்டில் கிரெப் இடம்பெற்றுவிட்டது. அதன் பெயரே எடிட்டருக்குள் தட்டிய கட்டளையின் எழுத்துகள்தான்.

ஆகவே, சுருக்காமல் முழுதாகத் தட்டு என்று நமக்குச் சொல்லும் ஆசிரியர் கையில் வைத்திருப்பதே ஒரு சுருக்கம். அதுவும், பழைய நூல் ஒன்றில் தேட வேண்டியிருந்த மனிதருக்காகப் பிறந்த சுருக்கம். அந்த நாளில் யாரும் மக்மேகனிடம், நீங்கள் ஈடியைத் திறந்து முழு வரியையும் தட்டிப் பழகுங்கள் என்று சொல்லவில்லை.

கிரெப்பில் ஐ என்று ஓர் ஆப்ஷன் உண்டு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காமல் தேடச் சொல்வது அது. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு மூன்று விதமாகக் கோப்பில் கிடக்கும். வாக்கியத் தொடக்கத்தில் ஒருவிதம், நடுவில் ஒருவிதம், தலைப்பில் இன்னொரு விதம். கண்ணுக்கு ஒரே சொல், கணினிக்கு வெவ்வேறு எண் வரிசை. அந்தச் சிக்கலைத் தீர்க்க வேண்டிய வேலை முழுவதும் ஐ என்ற ஒற்றை எழுத்துக்குள் அடங்கிவிட்டது. அதை யாரும் ஊன்றுகோல் என்பதில்லை. தமிழிலும் கண்ணுக்கு ஒரே சொல் கணினிக்கு வெவ்வேறு எண் வரிசையாகக் கிடக்கிறது. அதற்கு ஒற்றை எழுத்து ஆப்ஷன் எதுவும் கிரெப்பில் இல்லை. ஐ நமக்குப் பயன்படவும் செய்யாது. தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சின்ன எழுத்தும் இல்லை.

பாரிஸின் லாச்சப்பல் வட்டாரத்தில் தமிழ் அச்சு வேலை செய்யும் கடைகளின் கணினிகளைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து வந்து இந்த வட்டாரத்தில் கடை போட்டவர்கள் கல்யாண அழைப்பிதழ், நாட்காட்டி, கோயில் திருவிழா நோட்டீஸ், நினைவு மலர் என்று அடித்துக் குவித்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தார் வீட்டில் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாளில் ஒரு மலர் அடித்துக் கொடுப்பது வழக்கம். இறந்தவருடைய வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, தேவாரம் எல்லாம் அதில் இருக்கும். பல குடும்பங்களுக்குத் தங்கள் மூன்று நான்கு தலைமுறைப் பெயர்கள் ஒரே இடத்தில் அச்சானது அந்த மலரில் மட்டும்தான். அச்சான பிரதி வீடு மாறியதில் தொலைந்திருக்கும். கடைக் கணினியில் கோப்பு இருக்கும்.

பிலிப்-து-ஜிரார் தெருவிலிருந்து எட்டிப் போகும் தூரத்தில் இருக்கும் ஒரு கடைக்கு இப்படி ஓர் அக்கா வந்தார். “தம்பி, அப்பான்ர முப்பத்தோராம் நாள் மலர் உங்களிட்டத்தான் அடிச்சனாங்கள். ஊர் கொக்குவில். கொம்பியூட்டரில கிடக்குதோ ஒருக்காப் பாருங்கோ” என்றார். பழைய பேஜ்மேக்கர், வேர்ட் கோப்புகளிலிருந்து எழுத்தை மட்டும் பிரித்து ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தார்கள். கடையில் வேலை செய்யும் பையன் கெட்டிக்காரன், முறையாகப் படித்தவன். சொல்லிக்கொடுத்தபடியே கிரெப் கட்டளையைப் பிழையில்லாமல் முழுதாகத் தட்டினான். கொக்குவில் என்று ஊர்ப்பெயரைப் போட்டான். வேறு யார் யாருடைய மலர்களோ வந்தன. அந்த அக்காவின் அப்பா வரவில்லை. “இல்லைப்போல கிடக்குது அக்கா” என்றான்.

மலர் அதே ஃபோல்டரில்தான் இருந்தது. கொக்குவில் என்ற ஊர் அந்த வட்டில் மூன்று உருவங்களில் இருக்கிறது. யூனிகோடில் ‘கொ’ என்பதை இரண்டு விதமாக எழுத முடியும். ககரத்துக்குப் பிறகு ஒகரக் குறியை ஒரே எண்ணாக வைப்பது ஒன்று. எகரக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனி எண்களாக அடுத்தடுத்து வைப்பது இன்னொன்று. பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் பல இரண்டாவது விதத்தில்தான் வெளியிட்டன. திரையிலும் தாளிலும் ஒரு மயிரிழைகூட வித்தியாசம் தெரியாது. யுடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். ஆகவே முதல் ‘கொ’ ஆறு பைட், இரண்டாவது ஒன்பது பைட். பைட்டுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் கருவிக்கு இவை இரண்டும் ஒட்டும் உறவும் இல்லாதவை.

மூன்றாவது உருவம் பாமினி. 1990களில் புலம்பெயர் அச்சு வேலை பெரும்பாலும் பாமினி எழுத்துருவில்தான் நடந்தது. அதில் தமிழ் எழுத்து திரையில் மட்டும்தான் இருக்கும். கோப்புக்குள் கிடப்பது உரோமன் எழுத்துகள். தமிழ் என்று பாமினியில் அடித்தால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று சேமிக்கப்படும். அந்த அரைப்புள்ளிதான் ழகரத்தின் மேலுள்ள புள்ளி. அக்காவின் அப்பாவுடைய மலர் பாமினியில் இருந்தது. அதில் கொக்குவில் என்ற சொல் என், எஃப், எச் என்று தொடங்கி அரைப்புள்ளியில் முடிகிறது.

முழுக் கட்டளையைத் தட்டச் சொல்பவர்கள் இந்த இடத்தில் என்ன செய்யச் சொல்வார்கள்? பாமினி வடிவத்தையும் கையால் தட்டச் சொல்வார்களா? தட்டிப் பார்க்கட்டும். ஷெல்லில் அரைப்புள்ளி என்றால் ஒரு கட்டளை முடிந்தது, அடுத்தது தொடங்குகிறது என்று பொருள். மேற்கோள் குறிக்குள் போட மறந்தால் புள்ளி வைத்த ஒவ்வொரு மெய்யெழுத்திலும் கட்டளை அறுந்துபோகும். கொக்குவிலில் முதல் ‘க்’ வந்த இடத்திலேயே தேடல் முடிந்துவிடும்; மிச்ச எழுத்துகளை ஷெல் ஒரு நிரலின் பெயர் என்று நினைத்து ஓட்டப் பார்க்கும். பாமினியில் ஜகரம் சதுர அடைப்புக்குறி. ராஜா என்று தேடினால், அடைப்புக்குறி மூடப்படவில்லை என்று கிரெப் கோபித்துக்கொள்ளும். ஐ ஆப்ஷனைப் போட்டுவிட்டால் இன்னும் மோசம். பாமினியில் சின்ன எஃப் ககரம், பெரிய எஃப் குகரம். சின்ன என் எகரக் கொம்பு, பெரிய என் ஏகாரக் கொம்பு. ஆங்கிலத்துக்கு உதவியாக வைத்த ஆப்ஷன் இங்கே குறிலையும் நெடிலையும் ஒன்றாக்கிவிடும்.

இத்தனையையும் ஒருவர் நினைவில் வைத்து, ஒவ்வொரு முறையும் பிசகாமல் தட்டுவது நடக்காத காரியம். நடக்காததால் என்ன ஆகிறது என்பதுதான் முக்கியம். கிரெப்புக்குப் பொருத்தம் கிடைக்காவிட்டால் அது ஒன்றும் சொல்லாது. எந்த வரியும் வராது, அவ்வளவுதான். கோப்பில் அந்தச் சொல் இல்லை என்றாலும் அதே மௌனம். நாம் தவறான உருவத்தில் கேட்டிருந்தாலும் அதே மௌனம். பையன் அந்த மௌனத்தை ‘இல்லை’ என்று மொழிபெயர்த்துச் சொன்னான். அவனிடம் குற்றமில்லை. அவனுக்குக் கற்பித்த முறையில் குற்றம் இருக்கிறது.

இதற்கு மருந்து ‘தேடு’ என்ற பெயரில் ஒரு ஃபங்ஷன். ஒரு திரைக்குள் அடங்கிவிடும். கொடுத்த சொல்லை முதலில் ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்குக் கொண்டுவரும். ஐசியு என்ற யூனிகோடு நிரல் தொகுப்போடு வரும் யூகான்வ் அதைச் செய்து தரும். அடுத்து ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை உடைத்து இரண்டாவது வடிவத்தைத் தயாரிக்கும். யூனிகோடு எழுத்துக்கு எதிரே பாமினி எழுத்தை வைத்த அட்டவணை ஒன்றைப் பார்த்து மூன்றாவது வடிவத்தைத் தயாரிக்கும். மூன்றையும் மேற்கோளுக்குள் பத்திரமாக வைத்து, அடைப்புக்குறிக்கு விசேஷப் பொருள் கொடுக்காமல் எழுத்துக்கு எழுத்து தேடச் சொல்லும் எஃப் ஆப்ஷனோடு கிரெப்பிடம் கொடுக்கும். கோப்பின் பெயரும் வரி எண்ணும் வரும். தட்டுகிறவர் தட்டுவது இரண்டு சொற்கள்: தேடு, கொக்குவில்.

பெயரைத் தமிழிலேயே வைக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பாஷ் ஷெல் தமிழ் எழுத்தில் உள்ள ஃபங்ஷன் பெயரைத் தடையில்லாமல் ஏற்றுக்கொள்ளும். இதில் அழகைவிடப் பயன் பெரிது. ஆங்கிலக் கட்டளையோடு தமிழ்ச் சொல்லைத் தேடுகிறவர் கட்டளையை ஒரு விசைப்பலகையில் தட்டி, தமிழ் 99க்கு மாறிச் சொல்லைத் தட்டி, ஃபோல்டர் பெயருக்காகத் திரும்பவும் மாற வேண்டும். மாற மறந்து தட்டியது எல்லாம் குப்பையாகும். பெயரும் தமிழ், சொல்லும் தமிழ் என்றால் மாற்றமே தேவையில்லை.

பாரிஸில் இருப்பவர்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. யூனிக்ஸின் குறியீடுகள் அமெரிக்க விசைப்பலகையில் பிறந்தவை. பிரெஞ்சு அசெர்ட்டி பலகையில் சதுர அடைப்புக்குறிக்கும், பின்சாய்கோட்டுக்கும், ஒரு கட்டளையை இன்னொன்றோடு இணைக்கும் நெட்டுக்கோட்டுக்கும் ஆல்ட் ஜிஆர் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். எண்களுக்கும் முற்றுப்புள்ளிக்கும்கூட ஷிஃப்ட் வேண்டும். தொடக்க கால யூனிக்ஸ்காரர்கள் டெலிடைப் பொறியில் நொடிக்குப் பத்து எழுத்து வேகத்தில் தட்டியதால்தான் கட்டளைகளுக்கு இரண்டெழுத்து, மூன்றெழுத்துப் பெயர் வைத்தார்கள். தங்கள் பொறிக்கு ஏற்றபடி அவர்கள் சுருக்கிக்கொண்டார்கள். நம் பலகைக்கு ஏற்றபடி நாம் சுருக்கிக்கொள்வதை மட்டும் சோம்பல் என்பது எந்த ஊர் நியாயம்?

மூலக் கட்டளை மறந்துபோகும் என்ற வாதத்துக்கு வருகிறேன். ஃபங்ஷன் எழுதியவர் எதையும் மறைத்து வைப்பதில்லை. டைப் என்ற கட்டளைக்குப் பின்னால் தேடு என்று போட்டால் பாஷ் அதன் உள்ளே இருப்பது முழுவதையும் திரையில் காட்டிவிடும். மூலக் கோப்பில் ஒவ்வொரு வரிக்கு மேலும் இது எதற்கு என்று தமிழில் குறிப்பு எழுதி வைக்கலாம். ஆறு மாதம் கழித்து வருகிறவர் படித்துப் புரிந்துகொள்ளலாம். முழுதாகத் தட்டிய கட்டளையோ தட்டியவரோடு போய்விடும். ஹிஸ்டரியில் இருக்கிறதே, கன்ட்ரோல் ஆர் அழுத்தினால் வருமே என்பார்கள். பாஷ் தானாக வைத்திருக்கும் அளவு 500 வரி. அதில் சரியாகத் தட்டியதும் இருக்கும், தவறாகத் தட்டியதும் இருக்கும். எது எது என்று குறிப்பு இருக்காது.

அந்தக் கடைக்கு அருகிலுள்ள தெருவுக்குப் பெயர் கொடுத்த பிலிப் து ஜிரார் 1775இல் பிறந்தவர். லினன் துணிக்கான ஆளி நாரை இயந்திரத்தில் நூற்பவருக்குப் பத்து லட்சம் பிராங்க் பரிசு என்று 1810இல் நெப்போலியன் அறிவித்தார். அதே ஆண்டில் ஜிரார் இயந்திரத்தைச் செய்து காப்புரிமையும் வாங்கினார். பரிசுப் பணம் அவர் கைக்கு வரவில்லை. பிறகு போலந்துக்குப் போனார். அங்கே ஷிரார்டுவ் என்ற ஊரே அவர் பெயரில் இருக்கிறது. நூற்கிறவளின் ஈர விரல்கள் அறிந்திருந்ததை அவர் வெந்நீரிலும் உருளைகளிலும் அமைத்துக் கொடுத்தார். அப்படி நூற்ற நூலை நூல் அல்ல என்று இன்று யாரும் சொல்ல மாட்டார்கள். தேடத் தெரிந்த ஒருவரின் விரல் அறிந்ததை ஃபங்ஷனில் அமைத்து வைப்பதும் அதே வேலைதான். அறிவு குறைந்துபோகவில்லை, இடம் மாறியிருக்கிறது. மாறிய இடத்தில் அதைப் பத்துப் பேர் எடுத்துக்கொள்ளலாம்.

சுருக்கத்துக்குள் பிழை ஒளிந்துகொள்ளும் என்ற வாதம் எனக்கு உண்மையிலேயே வியப்பைத் தருகிறது. நிலைமை நேர் எதிர். ஒவ்வொரு முறையும் புதிதாகத் தட்டும் கட்டளையைச் சோதித்துப் பார்க்க வழியே இல்லை. ஃபங்ஷனைச் சோதிக்கலாம். ஒரு சின்னக் கோப்பில் மூன்று வரி. முதல் வரியில் ஒற்றைக் குறியோடு கொக்குவில், இரண்டாவதில் உடைந்த குறியோடு, மூன்றாவதில் பாமினியில். தேடு என்று ஓட்டினால் மூன்று வரியும் வர வேண்டும். இரண்டு வந்தால் எங்கேயோ கோளாறு. அட்டவணையைத் திருத்தும்போதெல்லாம் இதை ஓட்டிப் பார்க்கலாம். கையால் தட்டுகிறவர் தான் தட்டியது சரியா என்பதற்கு எந்தச் சான்றையும் காட்ட முடியாது.

வேறொரு கணினியில் கை ஓடாது என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு. நூறு சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவர் எந்த ஏற்பாடும் இல்லாத புதுக் கணினியில் நள்ளிரவில் உட்கார வேண்டி வரும். வெறும் கிரெப் அவருக்குத் தெரிந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் நினைவு மலர்கள் அந்த நூறு சர்வர்களில் இல்லை. கடைக் கணினியில் இருக்கின்றன. தேடுகிற கோப்புகள் எங்கே இருக்கின்றனவோ அங்கே ஃபங்ஷனும் இருந்தால் போதும். அதுவும் ஒரு சின்ன எழுத்துக் கோப்புதான். யுஎஸ்பியில் கொண்டுபோகலாம், மின்னஞ்சலில் அனுப்பலாம்.

வேகமான புதுக் கருவிகள் வந்துவிட்டனவே என்பவர்களுக்கும் ஒரு சொல். 2016இல் ஆண்ட்ரூ கேலன்ட் வெளியிட்ட ரிப்கிரெப் மிக நல்ல கருவி, நானும் பயன்படுத்துகிறேன். உடைந்த ‘கொ’வையும் உடையாத ‘கொ’வையும் அதுவும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. தேடும் முன் ஒவ்வொரு கோப்பையும் மாற்றிக் கொடுக்க அதில் ஓர் ஆப்ஷன் இருக்கிறது. அதைச் சேர்த்தால் கட்டளை இன்னும் நீளும். நீண்டால் சுருக்க வேண்டும். திரும்பவும் ஃபங்ஷனுக்குத்தான் வருவோம்.

எழுத்துக் குறியீட்டோடு சிக்கல் முடிவதில்லை. இந்த வட்டாரத்தின் பெயரையே நம்மவர்கள் லாச்சப்பல், லாசப்பல், லா ஷாப்பெல் என்று எழுதுகிறார்கள். பாரிஸ், பாரீஸ், பரிஸ் மூன்றும் ஒரே கடையின் நோட்டீஸ்களில் இருக்கும். பிரான்ஸ், பிரான்சு, பிறான்ஸ் என்பதும் அப்படியே. பிலிப்-து-ஜிரார் தெருவின் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். ஸ்ரீ மாணிக்க விநாயகர் ஆலயம் இன்று பஜோல் தெருவில் இருக்கிறது. முன்பு பிலிப்-து-ஜிரார் தெருவில் இருந்தது. பழைய திருவிழா நோட்டீஸ்களைத் தேடுகிறவர் தெருப் பெயரின் எல்லா உருவங்களையும் கேட்க வேண்டும். ஆலயத்தின் பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. 2005இல் யூனிகோடு 4.1 வந்தபோது தமிழுக்கு ஶகரம் தனி எண்ணாகச் சேர்ந்தது. அதன் பிறகு ஸ்ரீ என்ற எழுத்தை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம் என்றாயிற்று. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. யூனிகோடின் சீராக்கும் முறைகூட இவற்றை ஒன்றாக்காது. யாராவது தெரிந்தவர் இவை இரண்டும் ஒன்று என்று எழுதி வைத்தால்தான் உண்டு. எழுதி வைக்கும் இடம் ஃபங்ஷன் படிக்கும் ஒரு பட்டியல். இந்தப் பட்டியலில் ஒரு வரி சேர்க்கக் கணினிப் படிப்பு வேண்டாம். எந்த ஊர்ப் பெயரை எப்படியெல்லாம் எழுதுவார்கள் என்று தெரிந்த பெரியவர்களே சொல்லிச் சேர்க்கலாம்.

இதே கதை பெரிய தொகுப்புகளிலும் உண்டு. கலாநிதி கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தின் லோசானிலிருந்து 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் நூல்களை முன்பு திஸ்கி என்ற பழைய குறியீட்டில் வெளியிட்டு, பிறகு யூனிகோடுக்குக் கொண்டுவந்தது. அந்த நாளில் இறக்கி வைத்த திஸ்கிப் பிரதிகள் இன்னும் பலருடைய வட்டுகளில் இருக்கின்றன. லினக்ஸோடு வரும், குறியீடு மாற்றும் ஐகான்வுக்குத் திஸ்கி தெரியும். ஃபங்ஷனில் ஒரு வரி சேர்த்தால் அவையும் தேடலுக்குள் வந்துவிடும். பழைய மேக் கணினிகளிலிருந்து எடுத்த கோப்புகளில் கோப்பின் பெயரே உடைந்த குறிகளோடு இருக்கும். அவற்றின் எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு முறை பெயர்களை அப்படித்தான் சேமிக்கும். ஃபைண்ட் கட்டளையில் கொழும்பு என்று பெயர் கொடுத்தால் கொழும்பு என்ற கோப்பு கிடைக்காது.

எதிர்த்தரப்பில் சரியாகச் சொல்லப்படுவதும் உண்டு. இருக்கிற கட்டளையின் பெயரிலேயே வேறு நடத்தை கொண்ட அலியாஸை வைப்பது ஆபத்து. அழிக்கும் முன் கேட்கும்படி அழிப்புக் கட்டளையை அதே பெயரில் மாற்றி வைத்துப் பழகியவர், அந்த ஏற்பாடு இல்லாத கணினியில் கேள்வியில்லாமல் எல்லாவற்றையும் அழித்துவிடுவார். என் ஃபங்ஷனுக்குத் தேடு என்று பெயர் வைக்கச் சொல்வதற்கு இதுவும் காரணம். இல்லாத கணினியில் அப்படி ஒரு கட்டளை இல்லை என்று ஷெல் உடனே சொல்லிவிடும், யாரும் ஏமாற மாட்டார்கள். அலியாஸ் சொல்லுக்குச் சொல் மாற்றிப் போடுவதற்கு மேல் எதுவும் செய்யாது என்பதும் உண்மை. பாஷ் கையேடே பெரும்பாலான வேலைகளுக்கு ஃபங்ஷன்தான் ஏற்றது என்கிறது. உள்ளே இருப்பது புரியாமல் யாரோ எழுதியதை ஒட்டாதே என்ற அறிவுரையையும் ஏற்கிறேன். ஆனால் புரிந்துகொள் என்பது ஒன்று, புரிந்த பிறகும் ஒவ்வொரு முறையும் தட்டிக்கொண்டே இரு என்பது வேறு. முதலாவதை ஏற்பதால் இரண்டாவதையும் ஏற்க வேண்டும் என்றாகாது.

கிரெப்பைப் பராமரிப்பவர்களே இந்த விஷயத்தில் எந்தப் பக்கம் என்பதையும் பார்க்க வேண்டும். தனக்குப் பிடித்த ஆப்ஷன்களைச் சூழல் மாறி ஒன்றில் எழுதி வைக்கும் வசதி கிரெப்பில் இருந்தது. மற்றவர்களின் ஸ்கிரிப்டுகளையும் அது குழப்பியதால் 2014இல் வந்த 2.21 பதிப்பிலிருந்து அதைக் கைவிடச் சொல்லி எச்சரிக்கை காட்டினார்கள். அந்த எச்சரிக்கை, அதற்குப் பதிலாக அலியாஸையோ ஸ்கிரிப்டையோ பயன்படுத்தச் சொன்னது. உபுண்டு நிறுவினால் கிடைக்கும் தொடக்க அமைப்பிலேயே கிரெப்புக்கு வண்ணம் சேர்க்கும் அலியாஸ் இருக்கிறது. அலியாஸ் கூடாது என்று வகுப்பில் சொல்லும் ஆசிரியரின் திரையில் கிடைத்த சொற்கள் சிவப்பில் தெரிவது அதனால்தான்.

பாமினி வடிவத்திலும் தேடிய பிறகு அந்த அக்காவுக்கு மலர் கிடைத்தது. அவருடைய பேத்திக்குத் தமிழ் வாசிக்க வராது என்றும், பெயர்களையாவது பிரெஞ்சில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லி அச்சடித்து வாங்கிக்கொண்டு போனார். எத்தனை பேர் “இல்லைப்போல கிடக்குது” என்ற பதிலோடு திரும்பிப் போயிருப்பார்கள் என்பதற்குக் கணக்கில்லை.

கற்றுத் தருகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கிரெப் சொல்லிக் கொடுக்கும் அன்றே ஃபங்ஷனும் சொல்லிக் கொடுங்கள். பயிற்சிக்கு ஆங்கிலக் கோப்பைக் கொடுக்காதீர்கள். மூன்று உருவத்தில் கொக்குவில் உள்ள கோப்பைக் கொடுத்து, மூன்றையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அச்சகம் வைத்திருப்பவர்கள் பழைய வட்டுகளை எறிய வேண்டாம். பாமினிக் கோப்புகளைத் தேட முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஏற்கெனவே இப்படி ஃபங்ஷன் எழுதி வைத்திருப்பவர்கள் அதை வெட்கப்பட்டு ஒளித்து வைக்க வேண்டாம். உங்களிடம் வேறு எழுத்துருவுக்கான அட்டவணை இருந்தாலும், உங்கள் ஊர்ப் பக்கத்துப் பெயர்களின் பட்டியல் இருந்தாலும், அதை அடுத்தவருக்குக் கொடுங்கள்.